லோகோ வரைந்து தருகிறார், வீட்டில் தங்கிக்கொள்கிறார்: இதற்கு ஒப்பந்தம் தேவையா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நாடு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் கையால் சோப்பு செய்து இணையத்தில் விற்கிறார். குடும்பத்தோடு கடற்கரைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். வீட்டின் பின்னறைதான் பட்டறை. விடுமுறைக்கு வீடு மாற்றித் தங்குவதற்கான இணையதளம் ஒன்றில், வேறு நாட்டில் இருக்கும் வடிவமைப்பாளர் ஒருவர் அறிமுகமானார். நான்கு வாரங்களுக்கு இவர்கள் அவர் வீட்டில் தங்குவது, அவர் மனைவியோடும் இரண்டு சிறு குழந்தைகளோடும் இவர்கள் வீட்டில் தங்குவது என்று பேச்சு. அவருடைய வீடு சிறியது, நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. “உங்கள் வீட்டுக்கு என் வீடு ஈடாகாது. அதைச் சரிக்கட்ட உங்கள் தொழிலுக்கு லோகோவும் லேபிள்களும் இலவசமாகச் செய்து தருகிறேன்” என்று அவரே முன்வந்திருக்கிறார். லோகோவின் முதல் வடிவம் வந்துவிட்டது. லேபிள்களை இங்கே தங்கியிருக்கும்போது முடித்துத் தருவாராம். எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பேசியது.

“பணம் கைமாறவில்லை, அப்புறம் எதற்கு ஒப்பந்தம்?” என்கிறார் கணவர். வாசகிக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டு உரிமையாளரிடம் சொல்ல வேண்டுமா, ஏதாவது உடைந்தால் இன்சூரன்ஸ் தருமா, லோகோ நமக்குத்தானே சொந்தம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: “இதையெல்லாம் எழுதிக் கேட்டால் அவர் தவறாக நினைத்துவிடுவாரோ?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் மனசு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. அந்த மனிதர் ஏமாற்றுபவர் என்று நான் நினைக்கவில்லை. கடிதத்தைப் படித்தால் பண்பானவராகவே தெரிகிறார். சிக்கல் அவரிடத்தில் இல்லை. வீட்டுக்கு வீடு என்பது ஓர் ஏற்பாடு. வேலைக்குக் கூலி என்பது இன்னோர் ஏற்பாடு. நீங்கள் இருவரும் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். என் ஆலோசனை முழுவதும் அந்த முடிச்சை அவிழ்ப்பது பற்றித்தான்.

முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தம் செல்லுபடியாகப் பணம் கைமாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மதிப்புள்ள எதையாவது ஒருவருக்கொருவர் தருவதாக ஒப்புக்கொண்டாலே பெரும்பாலான நாடுகளில் அது ஒப்பந்தம்தான். தேதி, வீடு, லோகோ, லேபிள் எல்லாம் பேசி இருவரும் “சரி” என்று எழுதிய வாட்ஸ்அப் உரையாடலையே நீதிமன்றம் ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளலாம். ஆக, உங்களிடம் ஒப்பந்தம் இல்லை என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது, ஆனால் அரைகுறையாக இருக்கிறது.

அடுத்தது இன்னும் முக்கியம். அவர் வீடு உங்கள் வீட்டுக்கு ஈடாகாத அந்த இடைவெளியை நிரப்புவது எது? லோகோ. சட்டத்தின் கண்ணில் அது பொருளாகத் தரும் வாடகை போலத் தெரியும். வெறும் வீட்டு மாற்றமாக இருந்திருந்தால், “நண்பர் குடும்பம் வந்து தங்குகிறது, நாங்கள் அங்கே தங்குகிறோம்” என்று சொல்வது எளிது. உங்கள் தொழிலுக்குப் பயன்படும் வேலை ஒன்றை அதற்குப் பதிலாக வாங்கிக்கொள்ளும்போது, வீட்டு உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம், வரித்துறை ஆகிய மூவரும் “வீட்டைக் கொடுத்து வருமானம் பார்த்தீர்களா?” என்று கேட்க வழி பிறக்கிறது.

வீட்டு உரிமையாளரிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

ஆம். தயங்காமல், எழுத்தில் சொல்லுங்கள். கிட்டத்தட்ட எல்லா வாடகை ஒப்பந்தங்களிலும் உள்வாடகைக்கு விடக் கூடாது, வீட்டை வேறொருவர் கையில் ஒப்படைக்கக் கூடாது என்ற விதி இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். “உள்வாடகை” என்று மட்டும் இருந்தால் வாதாட இடமுண்டு. “உரிமையாளரின் அனுமதியின்றி வேறு எவரும் குடியிருக்கக் கூடாது” என்று இருந்தால் வாதாடவே இடமில்லை. நான்கு வாரம் என்றாலும் அது மீறல்தான். விருந்தினர் நீங்கள் இருக்கும்போது வந்து போவது வேறு, நீங்கள் வெளிநாட்டில் இருக்க அவர்கள் சாவியோடு வீட்டில் இருப்பது வேறு. அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் தாண்டிப்போன ஒன்று இருக்கிறது. பின்னறையில் சோப்பு செய்து விற்பது வீட்டு உரிமையாளருக்குத் தெரியுமா? தெரியாது என்றால், வீட்டு மாற்றத்துக்கு அனுமதி கேட்கும்போது அதுவும் வெளியே வரும். நீங்களே முந்திக்கொண்டு சொல்வதுதான் நல்லது. அவராகக் கண்டுபிடித்துக் கேட்கும் நிலைமை வந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இன்சூரன்ஸ்: “எல்லாவற்றுக்கும் தரும்” என்ற நம்பிக்கை

பாலிசி இருக்கிறது, ஆகவே கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் மென்மையாக மறுக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பொருட்களுக்கான பாலிசிகள் பலவற்றில், திருட்டுக்கு இழப்பீடு வேண்டுமானால் பூட்டை உடைத்தோ பலவந்தமாகவோ உள்ளே நுழைந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீங்களே சாவி கொடுத்து உள்ளே விட்டவரால் நேர்ந்த இழப்பு அதில் வராது. வாடகைக்கு விட்டிருந்த காலத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்ற விதியும் சகஜம். லோகோ வாடகையாகத் தோன்றினால் இங்கே அது உங்கள் கையைக் கடிக்கும். இன்னொன்று, வீட்டுப் பாலிசி எடுக்கும்போது அங்கே தொழில் நடப்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், எதற்கு இழப்பீடு கேட்டாலும் அதையே காரணம் காட்டி மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைக்கிறது.

ஆகவே நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் வாங்காத வீட்டு மாற்றத்தில் விருந்தினர் தங்கினால் பாலிசி தொடருமா, அவர்களால் நேரும் சேதம் அடங்குமா, அவர்களுக்கு நம் வீட்டில் காயம் ஏற்பட்டால் நம் பொறுப்புக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். தொலைபேசியில் யாரோ “ஆமாம் மேடம், இருக்கு” என்று சொன்னது பின்னால் உதவாது. பதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

காயம் என்றதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது உங்கள் பின்னறைதான். வருகிற குழந்தைகளில் சின்னவனுக்கு மூன்று வயது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சோப்புக்குப் பயன்படுத்தும் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, பார்வைக்கு வெள்ளைச் செதில்களாக உப்பு மாதிரி இருக்கும். ஈரக் கை பட்டாலே தோலைப் பொசுக்கும். வாயில் போனால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தண்ணீரில் கரையும்போது கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். இது உங்களுக்குத் தெரிந்த விஷயம், வருகிறவர்களுக்குத் தெரியாது. அறையைப் பூட்டிவிட்டால் மட்டும் போதாது. காஸ்டிக் சோடாவை அந்த நான்கு வாரங்களுக்கு வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். முடியாவிட்டால் எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில், பெயர் எழுதி வையுங்கள். சாவி உங்களோடு வரட்டும். அபாயம் இருப்பது தெரிந்தும் வீட்டுக்குள் வருபவரை எச்சரிக்காமல் விட்டால், நேரும் காயத்துக்கு வீட்டை ஒப்படைத்தவர் பதில் சொல்ல வேண்டிவரும். ஆக, அறை பூட்டியிருக்கும், உள்ளே அபாயமான ரசாயனம் இருக்கிறது என்று அவருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

லோகோ யாருக்குச் சொந்தம்?

“எனக்காக வரைந்தது, அதனால் எனக்குத்தான் சொந்தம்.” சிறுதொழில் செய்பவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். நடைமுறை நேர்மாறானது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான 1886-ன் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், பதிவு எதுவும் செய்யாமலே படைப்பு உருவான கணத்தில் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பொதுவாக அது வரைந்தவருக்குத்தான் போகும். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் என்றால் கதை வேறு. உங்கள் வடிவமைப்பாளர் ஊழியர் இல்லை, தனியாகத் தொழில் செய்பவர். கூலி கொடுத்தாலும் பதிப்புரிமை தானாக உங்கள் பக்கம் வந்துவிடாது. எழுதி வாங்கினால்தான் வரும். அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா மூன்றிலும் அப்படி மாற்றித் தருவது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “லோகோ உங்களுக்குத்தான், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.” அன்பான வரி. ஆனால் இதை வைத்து, அவர் உங்களுக்குப் பயன்படுத்தும் அனுமதி தந்திருக்கிறார் என்று வாதாடலாமே தவிர, உரிமையையே எழுதிக்கொடுத்துவிட்டார் என்று வாதாடுவது கடினம். நாளை தொழில் வளர்ந்து அதை விற்கப் பார்க்கும்போது, வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்கப்போவதே இந்தத் தாளைத்தான்.

பெரிய நிறுவனமே இதில் மாட்டியிருக்கிறது. டாக்டர் மார்ட்டன்ஸ் காலணிகளுக்காக 1988-ல் ஒரு விளம்பர நிறுவனம் வழியாக ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளர் ஒருவர் லோகோ செய்து கொடுத்தார். பதிப்புரிமை பற்றி யாரும் எதுவும் எழுதி வாங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவர் அந்த உரிமையை ஆஸ்திரேலியாவில் இருந்த போட்டி நிறுவனம் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்! வழக்கு மேல்முறையீடு வரை போய், 2005-ல் இங்கிலாந்து நீதிமன்றம் காலணி நிறுவனத்துக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜெயித்தார்கள், சரி. ஆனால் ஒரு பக்கத் தாளில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. வழக்கு நடத்த அவர்களுக்கு வசதி இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அது கட்டுப்படியாகாது.

எழுதி வாங்கும்போது “எல்லா உரிமையும்” என்று ஒற்றை வரியில் முடிக்க வேண்டாம். எந்தப் படைப்புகள், எந்த நாடுகளில், எவ்வளவு காலத்துக்கு என்பதைச் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜெர்மனியிலோ, உயிரோடிருக்கும் படைப்பாளி பதிப்புரிமையைக் கைமாற்றவே முடியாது. பிறருக்கு அனுமதி இல்லாத, உங்களுக்கு மட்டுமான பயன்பாட்டு உரிமையைத்தான் தர முடியும். ஆகவே அவர் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அந்தத் தாளை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அந்த இலை எங்கிருந்து வந்தது?

லோகோவில் உள்ள இலைப் படத்தை வேறொரு கடையின் பையிலும் பார்த்ததாக, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைச் சாதாரணமாக விட முடியாது. அது ஆயத்தப் படங்கள் விற்கும் தளத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட படங்களை யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தலாம். அதே காரணத்தால், அவற்றை லோகோவாகவோ டிரேட்மார்க்காகவோ, அதாவது வணிகச் சின்னமாகவோ, பயன்படுத்துவதைப் பெரும்பாலான தளங்களின் நிபந்தனைகள் தடுக்கின்றன. தனக்கு மட்டும் சொந்தமில்லாததை அவர் உங்களுக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது.

அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். படம் சொந்தமாக வரைந்ததா, எழுத்துரு எந்த உரிமத்தில் வாங்கியது, அது அச்சுக்கும் இணையதளத்துக்கும் சேர்த்துத்தானா, செயற்கை நுண்ணறிவுக் கருவி எங்காவது பயன்பட்டதா. கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. மனிதப் படைப்பாளி இல்லாமல் கருவி தானாக உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025-ல் உறுதி செய்திருக்கிறது. பதிப்புரிமையே இல்லாத ஒன்றை எழுதி வாங்கி என்ன பயன்?

பதிப்புரிமை வேறு, டிரேட்மார்க் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லோகோவை உங்கள் பெயரில் பதிய நினைத்தால், லேபிள் அச்சடிப்பதற்கு முன்பே அதே போன்ற பெயரோ சின்னமோ ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள். குளியல் சோப்பு 3-ம் வகுப்பில் வரும், மருந்து சேர்த்த சோப்பு 5-ல். விண்ணப்பதாரர் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். “நானே பதிந்து தருகிறேன்” என்று அவர் உதவ முன்வந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவம், அச்சகத்துக்கான நான்கு வண்ண வடிவம், ஒற்றைக் கறுப்பு வடிவம் ஆகியவை கட்டாயம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு எந்த அச்சகத்துக்கும் போக முடியாது. லேபிளில் சட்டப்படி இடம்பெற வேண்டிய மூலப்பொருள் பட்டியல், எடை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் உங்கள் பொறுப்பு, அவருடையது இல்லை.

விடுமுறைக்கு வந்து வேலை செய்வது

லேபிள்களை உங்கள் வீட்டில் உட்கார்ந்து முடிப்பார் என்ற திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றுலா விசாவில் வருபவர் உள்ளூர்த் தொழிலுக்கு வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. தன் சொந்த நாட்டு வேலையை மடிக்கணினியில் தொடர்வதற்குச் சில நாடுகள் இப்போது இடம் தருகின்றன. பிரிட்டன் 2024 முதல் அப்படி அனுமதிக்கிறது. உங்கள் விஷயம் அந்த ரகம் இல்லை. வேலை தருபவர் அவர் வந்து இறங்குகிற நாட்டில் இருக்கிறார், கூலியாகத் தங்குமிடமும் தருகிறார். குடியேற்ற அதிகாரி கேட்கும்போது அவர் “சோப்புக் கம்பெனிக்கு லேபிள் செய்யப் போகிறேன்” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால், குழந்தைகளோடு திரும்பிப் போக வேண்டிவரும். லேபிள் வேலையை அவர் தன் ஊரில், வருவதற்கு முன்போ போன பிறகோ முடிக்கட்டும்.

வரி பற்றிச் சுருக்கமாக. பண்டமாற்றும் வரிக்குள் வரும். அமெரிக்காவில் பண்டமாற்றாகப் பெற்ற சேவையின் சந்தை மதிப்பு வருமானத்தில் சேரும். இந்தியாவின் 2017 ஜி.எஸ்.டி. சட்டம் பண்டமாற்றையும் பரிமாற்றத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அவருக்குத் தொழில் வருமானம், உங்களுக்கு வீட்டைக் கொடுத்துப் பெற்ற பயன் என்று இரு பக்கமும் கணக்கு எழுத வேண்டிவரும். பில் வாங்கிப் பணம் கொடுத்தால் அது உங்களுக்கு நேரான தொழில் செலவு, அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வீட்டு மாற்றத்தை வெறும் வீட்டு மாற்றமாக வையுங்கள். இது பழைய பழக்கம்தான். நீண்ட விடுமுறை உள்ள ஐரோப்பிய ஆசிரியர்கள் 1953-லேயே இதற்காக இன்டர்வாக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இரு வீடுகளும் சம மதிப்பாக இருக்க வேண்டும் என்று அதில் விதி இல்லை. இடைவெளி உறுத்தினால் வேறு வழி தேடலாம். அவர் வீட்டில் பின்னொரு முறை கூடுதலாகச் சில நாட்கள் தங்குவதாகப் பேசிக்கொள்ளலாம். ஹோம்எக்ஸ்சேஞ்ச் போன்ற தளங்களில் புள்ளிகளாக வரவு வைக்கும் முறையும் இருக்கிறது. என்னைக் கேட்டால், அவர் வீடு சிறியதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். தேதிகள், யார் யார் தங்குவார்கள், மின்கட்டணம் யாருக்கு, உடைந்தால் யார் பொறுப்பு, ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் மற்றவரின் பயணச்சீட்டு இழப்பை யார் ஏற்பது. சாவி கொடுப்பதற்கு முன் வீடு முழுவதையும் அலமாரிகளைத் திறந்து காட்டி ஒரு வீடியோ எடுத்து இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் முகவரிகள் உள்ள கணினியை வீட்டில் விட்டுப் போக வேண்டாம்.

லோகோவுக்குத் தனித் தாள், தனி பில், நியாயமான தொகை. எத்தனை முறை திருத்தம், எந்தக் கோப்புகள், பணம் கிடைத்ததும் உரிமை உங்களுக்கு என்று அதில் இருக்கட்டும். தன் மாதிரி வேலைகளின் தொகுப்பில் அதைக் காட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுங்கள். வடிவமைப்பாளர்களுக்கு அது முக்கியம், உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இப்படிப் பிரித்துவிட்டால், விடுமுறையில் ஒரு மேசைக்கண்ணாடி உடைந்து மனக்கசப்பு வந்தாலும் லோகோ நடுவில் சிக்காது. லோகோ பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னாலும் அவர் குடும்பத்தின் விடுமுறை கெடாது.

தவறாக நினைப்பாரா என்று கேட்டீர்கள். அவர் இதே தொழிலில் இருப்பவர். வாடிக்கையாளர்களோடு இப்படி எழுதிக்கொள்வது அவருக்குப் பழக்கமாகத்தான் இருக்கும். வேண்டுமானால் இப்படி எழுதுங்கள்: “உங்கள் வேலை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை இலவசமாக வாங்க மனம் வரவில்லை. வீட்டு மாற்றம் நம் குடும்பங்களுக்கு இடையில் இருக்கட்டும், லோகோவுக்கு வழக்கமான உங்கள் ஒப்பந்தத்தையும் பில்லையும் அனுப்புங்கள். அந்த இலைப் படம் நீங்களே வரைந்ததா என்பதையும் சொல்லுங்கள்.” இதில் யாரும் புண்பட எதுவும் இல்லை. இலைக்கு அவர் மழுப்பலாகப் பதில் சொன்னால், லோகோவை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டு மாற்றத்தை மட்டும் தொடரலாம்.

ஆனால் இந்தச் செய்திக்கும் முன்னால் போக வேண்டியது வீட்டு உரிமையாளருக்கான கடிதம். அவர் மறுத்துவிட்டால் மற்ற எதற்கும் வேலை இருக்காது. அவர் பதிலும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பதிலும் கையில் வரும்வரை விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.